எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டிய சிகிச்சை: கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் 3பி நிலை, ஒரு செவிலியர் நிகழ்வு ஆய்வு

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு என்ன கதிர்வீச்சு, எத்தனை மி.கி. மருந்து என்பதெல்லாம் எந்தப் பாடநூலிலும் இருக்கிறது. இந்த நோயாளியின் சிகிச்சையைப் பாதியில் நிறுத்தப் பார்த்தவை வேறு. உடம்பின் வாடை, வாய்விட்டுச் சொல்ல முடியாத வெட்கம், பஸ்ஸில் இரண்டு மணி நேரம் உட்கார முடியாத வயிற்றுப்போக்கு. மூன்றும் செவிலியர் கையில்தான் வந்து சேர்ந்தன. அதனால் இதை எழுதுகிறேன். நோயாளியை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களைத் தவிர்த்திருக்கிறேன்.

வந்தபோது

47 வயதுப் பெண். வட மாவட்டம் ஒன்றில் விவசாயக் கூலி வேலை, வேலை இல்லாத காலத்தில் நூறு நாள் வேலை. 17 வயதில் திருமணம். நான்கு பிரசவம், மூன்று பிள்ளைகள் இருக்கிறார்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம் கிடையாது.

ஒன்றரை வருடமாக வெள்ளைப்படுதல். முதலில் தண்ணீர் மாதிரி, பிறகு இரத்தம் கலந்து, கடைசி சில மாதங்களில் தாங்க முடியாத வாடையோடு. நடுநடுவே உதிரப்போக்கு. "தீட்டு நிக்கிற வயசு, அப்படித்தான் இருக்கும்" என்று அக்கம்பக்கத்தில் சொன்னதை இவரும் நம்பியிருக்கிறார். உடம்புச் சூடு என்று வெந்தயமும் மோரும், மெடிக்கலில் கேட்டு வாங்கிய மாத்திரையுமாக ஒரு வருடம் ஓடியிருக்கிறது. நாற்று நடும்போது மயங்கி விழுந்த பிறகுதான் ஆரம்ப சுகாதார நிலையம், அங்கிருந்து 108-இல் நான் வேலை பார்க்கும் அரசு மருத்துவமனை.

ஹீமோகுளோபின் 6.2 கிராம். எடை 44 கிலோ. கர்ப்பப்பை வாயில் 5.5 செ.மீ. கட்டி, தொட்டாலே இரத்தம். கட்டி வலது பக்க இடுப்புச் சுவர் வரை பரவி, அந்தப் பக்கச் சிறுநீர்க் குழாயை நெருக்கியதால் வலது சிறுநீரகம் சற்று வீங்கியிருந்தது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் 1.0, அது நல்ல செய்தி. திசுச் சோதனையில் செதிள் செல் புற்றுநோய். எச்ஐவி இல்லை. நிலை 3பி, அதாவது கட்டி இடுப்புச் சுவரை எட்டிவிட்ட நிலை என்று முடிவானது. இந்த நிலையில் அறுவை சிகிச்சை கிடையாது; வெளிக் கதிர்வீச்சு, அதனுடன் வாராவாரம் சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்து, பிறகு உள் கதிர்வீச்சு. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் பதிவு செய்ததால் சிகிச்சைச் செலவு குடும்பத்தின் தலையில் விழவில்லை.

கேஸ் ஷீட்டில் ஒரு விவரம் விடுபட்டிருந்தது. புறநோயாளிப் பிரிவில் கணவரும் மகனும் பக்கத்தில் நிற்க எல்லாக் கேள்விகளும் கேட்கப்பட்டிருந்தன. வார்டுக்கு வந்த பிறகு, உடம்பு துடைத்துவிடும்போது திரையை இழுத்துவிட்டுக் கேட்டேன்: "அக்கா, வீட்டுக்காரரோட சேர்ந்தா இரத்தம் வருமா?" கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "ரெண்டு வருஷமா அப்படித்தான் சிஸ்டர். அதனாலயே அவரக் கிட்ட விடல. அவரு வேற மாதிரி நினைச்சுக்கிட்டாரு" என்றார். ஆக, நோயின் முதல் அறிகுறி வெள்ளைப்படுதல் அல்ல. உறவுக்குப் பின் வந்த இரத்தம்தான். அதைச் சொல்ல அவருக்கு இரண்டு வருடமாக ஒரு ஆள் கிடைக்கவில்லை. இந்த ஒரு கேள்வியைத் தனியாக வைத்துக் கேட்பது செவிலியர் மதிப்பீட்டில் கட்டாயம் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இரத்தப்போக்கு

சேர்ந்த அன்றிரவே உதிரப்போக்கு அதிகமானது. மருத்துவர் இரத்தப்போக்கை நிறுத்த உதவும் டிரானெக்சாமிக் அமிலத்தில் நனைத்த காஸ் துணியைப் பிறப்புறுப்பினுள் இறுக்கமாக வைத்தார். உள்ளே அந்த அழுத்தம் இருந்தால் சிறுநீர் தானாக வெளியேறாது, அதனால் சிறுநீரை வடிக்கும் குழாய் (கத்தீட்டர்) போட்டோம். எத்தனை காஸ் உள்ளே போனது என்பதை அப்போதே எழுதி, மறுநாள் எடுக்கும்போது எண்ணிச் சரிபார்த்தோம். நாப்கினை எடைபோட்டுக் கணக்கு வைத்தோம்: உலர்ந்த எடையைக் கழித்தால் மீதி ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய ஒரு மி.லி. இரத்தம். 'லேசாக', 'அதிகமாக' என்று எழுதினால் அடுத்த ஷிப்ட்டில் வருபவருக்கு ஒன்றும் புரியாது.

மூன்று யூனிட் சிவப்பணு ஏற்றினோம். ஒவ்வொன்றிலும் முதல் 15 நிமிடம் மெதுவாக விட்டு, படுக்கை அருகிலேயே நின்று, வெப்பம், நாடித் துடிப்பு, மூச்சு, முதுகுவலி, நடுக்கம் பார்த்தோம். கதிர்வீச்சு தொடங்கும்போது ஹீமோகுளோபின் 10.1. இதற்குக் காரணம் உண்டு. கட்டிக்குள் ஆக்சிஜன் குறைவாக இருந்தால் கதிர்வீச்சின் வேலை மந்தமாகும். இரத்தம் ஏற்றியது மயக்கம் தீர மட்டும் அல்ல என்று மகனுக்கு விளக்கினோம். அவர் மறுவாரம் இரண்டு நண்பர்களோடு வந்து இரத்தம் கொடுத்தார்.

வாடை

இங்கே கொஞ்சம் நின்று எழுத வேண்டும்.

வார்டில் நுழைந்ததும் தெரியும் அளவுக்கு வாடை. பக்கத்துப் படுக்கை நோயாளியின் துணைக்கு வந்தவர் கட்டிலை மாற்றச் சொல்லிக் கேட்டார், இவர் காதுபடவே. அன்றிலிருந்து இவர் சாப்பிடுவதைக் குறைத்துவிட்டார். தண்ணீரும் குடிக்கவில்லை. காரணம் கேட்டால் "பசிக்கல." மருமகள்தான் உண்மையைச் சொன்னார்: எழுந்து நடந்தால் வாடை அடிக்கும், எல்லோரும் பார்ப்பார்கள் என்று கழிவறைக்குப் போவதையே தவிர்த்திருக்கிறார்.

வாடைக்குக் காரணம் சுத்தமின்மை அல்ல. கட்டி வேகமாக வளரும்போது அதன் சில பகுதிகளுக்கு இரத்த ஓட்டம் எட்டாமல் திசு அழுகிறது. ஆக்சிஜன் தேவைப்படாத பாக்டீரியாக்கள் அங்கே பெருகுகின்றன. ஒரு நாளைக்கு எத்தனை முறை குளித்தாலும் அது போகாது. நான் முதலில் செய்தது இதை அவரிடம் நேராகச் சொன்னதுதான். "நீங்க சுத்தமா இல்லாததால இல்ல அக்கா. உள்ள இருக்கற புண்ணால வருது. மருந்து இருக்கு, ஒரு வாரத்துல குறையும்." அவர் அழுதார். வீட்டில் தட்டும் டம்ளரும் தனியாக வைத்திருந்தார்களாம்.

மருத்துவர் சொன்னபடி, அந்தப் பாக்டீரியாக்களைக் கொல்லும் மெட்ரோநிடசோல் 400 மி.கி. மாத்திரை வாய்வழியாக, கூடவே அதே மாத்திரையைப் பொடித்து, மருத்துவர் பரிசோதிக்கும் நாட்களில் புண்ணின் மேல் இட்டோம். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கின் மாற்றம். வெதுவெதுப்பான நீரால் வெளிப்புறம் மட்டும் முன்னிருந்து பின்னாகக் கழுவுதல். உள்ளே தண்ணீர் பீய்ச்சிக் கழுவவே கூடாது, இரத்தம் கொட்டும். தொடை இடுக்கில் தோல் சிவந்திருந்ததால் துடைத்து உலரவிட்டு, தடுப்புக் களிம்பு. ஜன்னலோரப் படுக்கைக்கு மாற்றினோம், ஆனால் "காத்தோட்டமா இருக்கும்" என்று அவருடைய நன்மைக்காகச் சொல்லி. கட்டிலுக்கு அடியில் ஒரு தட்டு நிறைய அடுப்புக்கரி வைத்தோம். கரி வாடையை உறிஞ்சும், செலவில்லாத வழி. ஊதுபத்தியும் வாசனை ஸ்பிரேயும் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். இரண்டு வாடையும் கலந்தால் குமட்டல் கூடும்.

பயிற்சி மாணவிகளுக்கு ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன்: திரைக்குள் போனபின் முகத்தைச் சுளிப்பதோ, புடவைத் தலைப்பாலோ கைக்குட்டையாலோ மூக்கைப் பொத்துவதோ கூடாது. மாஸ்க் போட வேண்டுமானால் எல்லா நோயாளியிடமும் போடுங்கள், இவரிடம் மட்டும் வேண்டாம்.

ஐந்தாம் நாள் குறைந்தது தெரிந்தது. கதிர்வீச்சின் இரண்டாம் வாரத்தில் கட்டி சுருங்கத் தொடங்கியதும் ஏறக்குறைய போய்விட்டது. அவர் வராந்தாவில் நடந்து போய் மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார்.

"இது அவருக்கு ஒட்டுமா?" என்று கணவரைப் பற்றி அவர் கேட்டதும் அந்த வாரத்தில்தான். புற்றுநோய் ஒட்டாது. இதற்குப் பின்னால் இருப்பது எச்பிவி என்ற வைரஸ். அதன் 16, 18 ஆகிய இரண்டு வகைகள் மட்டும் சுமார் 70 சதவீத கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம். உறவு வைத்துக்கொள்ளும் பெரும்பாலானோருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது இந்த வைரஸ் வந்துபோகும். பெரும்பாலோருக்கு ஓரிரு வருடத்தில் உடம்பே விரட்டிவிடும், சிலருக்குத் தங்கிவிடும். இதில் யாருடைய நடத்தையையும் சந்தேகிக்க ஒன்றுமில்லை. இதைக் கணவன் மனைவி இருவரையும் சேர்த்து உட்காரவைத்துச் சொன்னோம். தனித்தனியாகச் சொன்னால் ஒருவர் சொன்னதை மற்றவர் நம்பமாட்டார்.

கரண்ட் வைத்தியம்

எங்கள் பக்கத்தில் கதிர்வீச்சை மக்கள் 'கரண்ட் வைக்கிறது' என்றுதான் சொல்கிறார்கள். இவரும் உடம்பில் ஷாக் அடிக்கும் என்று பயந்திருந்தார். முதல் நாளே அறைக்குள் கூட்டிப்போய் இயந்திரத்தைக் காட்டினோம். எக்ஸ்ரே எடுப்பது போலத்தான், வலிக்காது, சில நிமிடம் அசையாமல் படுக்க வேண்டும், நாங்கள் கேமராவில் பார்த்துக்கொண்டிருப்போம். தினமும் அரை மணி முன்பு சிறுநீர் கழித்துவிட்டு, அரை லிட்டர் தண்ணீர் குடித்து, அடக்கிக்கொண்டு வர வேண்டும். சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தால் சிறுகுடல் மேலே தள்ளப்பட்டுக் கதிர்வீச்சிலிருந்து விலகும். கதிர்வீச்சு விழ வேண்டிய இடத்தைக் குறிக்க இடுப்பில் போட்ட கோடுகளைத் தேய்த்துக் கழுவக் கூடாது. அந்த இடத்தில் மஞ்சள், தேங்காய் எண்ணெய், பவுடர் எதுவும் வேண்டாம்.

வெளிக் கதிர்வீச்சு மொத்தம் 25 தவணைகளில் 50 கிரே (கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு). சிஸ்பிளாட்டின் உடல் பரப்புக்குச் சதுர மீட்டருக்கு 40 மி.கி. என்ற கணக்கில், வாரம் 50 மி.கி. இந்த மருந்து சிறுநீரகத்தைத் தாக்கும். இவருக்கோ ஒரு சிறுநீரகம் ஏற்கெனவே வீங்கியிருந்தது. அதனால் மருந்துக்கு முன்னும் பின்னும் பொட்டாசியம், மக்னீசியம் சேர்த்த உப்புநீர் நரம்பு வழியாக, மணிக்கு 100 மி.லி.க்குக் குறையாத சிறுநீர், ஒவ்வொரு வாரமும் கிரியாட்டினின். காதில் இரைச்சல், விரல் நுனி மரத்துப்போதல் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் கேட்டோம். வாந்திக்கு மருந்து ஏற்றும் நாளில் கொடுப்பது போதாது. சிஸ்பிளாட்டின் வாந்தி இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை திரும்ப வரும். அந்த நாட்களுக்கான மாத்திரைகளைக் காலை, இரவு எனத் தனித்தனிக் கவரில் போட்டு, சூரியனும் நிலாவும் வரைந்து கொடுத்தோம். அவருக்குப் படிக்கத் தெரியாது.

நான்காம் வாரத்தில், கிருமியை எதிர்க்கும் வெள்ளணுவான நியூட்ரோஃபில் 900-க்கு இறங்கியதால் சிஸ்பிளாட்டின் ஒரு தவணை நிறுத்தப்பட்டது. மொத்தம் நான்கு தவணைகள் கிடைத்தன.

வாராந்திர மருந்து அவசியம்தானா என்று சோர்ந்துபோன குடும்பங்கள் கேட்பது வழக்கம். மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையில் இதே 3பி நிலையில் 850 பெண்களை வைத்து நடந்த ஆய்வில், கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 46 சதவீதமும், சிஸ்பிளாட்டினும் சேர்த்துப் பெற்றவர்களில் 54 சதவீதமும் ஐந்து ஆண்டுக்குப் பிறகு உயிரோடு இருந்தார்கள். நூற்றுக்கு எட்டுப் பேர். வாந்தியைச் சமாளிக்க எடுத்துக்கொள்ளும் சிரமத்துக்கு இது போதுமான காரணம்.

திங்கட்கிழமை வராதபோது

மூன்றாம் வாரம் சனி, ஞாயிறுக்கு வீட்டுக்குப் போனவர் திங்கட்கிழமை வரவில்லை. செவ்வாயும் இல்லை. வெளிக் கதிர்வீச்சு, உள் கதிர்வீச்சு இரண்டும் சேர்த்து 8 வாரத்துக்குள், அதாவது 56 நாளுக்குள் முடிய வேண்டும். அதைத் தாண்டிப் போகும் ஒவ்வொரு நாளும் நோய் கட்டுப்படும் வாய்ப்பை ஏறக்குறைய ஒரு சதவீதம் வரை குறைக்கும்.

போன் செய்தோம். மகன் எடுத்தார். "ஊர்ல காப்பு கட்டிட்டாங்க சிஸ்டர், திருவிழா முடியற வரைக்கும் வெளியூர்ல தங்கக் கூடாது" என்றார். காப்புக் கட்டியபின் ஊர் எல்லை தாண்டித் தங்காத வழக்கம் எங்களுக்கும் தெரியும், அதோடு மல்லுக்கட்டவில்லை. மருமகளிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். அவர் அடுப்படிக்குப் போய்ப் பேசினார். "தினம் எட்டு வாட்டி வெளிக்கிப் போறாங்க. பஸ்ல ஆயிடுமோன்னு பயப்படறாங்க. அதான் காப்பைச் சாக்கு சொல்றாங்க."

இடுப்புப் பகுதிக் கதிர்வீச்சில் இரண்டு மூன்று வாரத்தில் வயிற்றுப்போக்கு வருவது எதிர்பார்க்க வேண்டியதுதான். குடலின் உட்படலம் பாதிக்கப்படுகிறது. போனிலேயே உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுக்கச் சொன்னோம். காப்பீட்டுப் பிரிவில் பேசி உள்நோயாளியாகவே சிகிச்சை முடியும்வரை தங்க ஏற்பாடு செய்தோம். பெரியவர்களுக்கான டயாப்பர் கட்டிக்கொண்டு புதன்கிழமை காலை வந்துசேர்ந்தார். கோயில் பூசாரியிடம் கேட்டு, வைத்தியத்துக்குப் போவதில் குற்றமில்லை என்று சொல்லவைத்தது கணவர்.

வயிற்றுப்போக்கை நிறுத்தும் லோபராமைடு மாத்திரை, கஞ்சி, இட்லி, மோர்சாதம், வாழைப்பழம். கீரை, பால், காரம், பொரித்தது நிறுத்தம். நான்கு நாளில் ஒரு நாளைக்கு மூன்று முறையாகக் குறைந்தது. விட்டுப்போன இரண்டு தவணைகளை மருத்துவர்கள் இரண்டு சனிக்கிழமைகளில் ஈடுகட்டினார்கள்.

உள் கதிர்வீச்சு

நோயாளிகள் அதிகம் பயப்படுவதும், பயப்பட நியாயமிருப்பதும் இதற்குத்தான். தண்டுவட மயக்க ஊசி போட்டு, கால்களைத் தூக்கிவைத்து, கர்ப்பப்பைக்குள் ஒரு குழலையும் அதன் இரு பக்கமும் உருண்டை முனைகளையும் பொருத்தி, அவை நகராமல் காஸ் அடைத்து, பிறகு ஸ்கேன், திட்டமிடல், சிகிச்சை. இரிடியம்-192 என்ற கதிரியக்கப் பொருள் அந்தக் கருவி வழியாக உள்ளே போய்த் திரும்பும் நேரம் சில நிமிடங்கள்தான். ஆனால் கருவி உள்ளே இருக்கும் நேரம் பல மணி. தவணைக்கு 7 கிரே வீதம் நான்கு முறை.

அறைக்குள் இருக்கும் ஆட்களைக் குறைத்தோம். தேவைப்படாத மாணவர்களை வெளியே அனுப்பினோம். முட்டிவரை போர்வை, ஒரு செவிலியர் தலைமாட்டில் நின்று என்ன நடக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கருவி பொருத்திய பின் இடுப்பை அசைக்கக் கூடாது: தலைமாடு லேசாக மட்டும் உயர்த்தி, படுக்கை மாற்றும்போது மூன்று பேர் சேர்ந்து ஒரே மரக்கட்டையைத் தூக்குவதுபோலத் தூக்கினோம். கணுக்காலை மட்டும் மணிக்குப் பத்துமுறை மேலும் கீழும் அசைக்கச் சொன்னோம், காலில் இரத்தம் உறையாமல் இருக்க. மயக்க ஊசி தெளியும் முன்பே வலி மருந்து. கருவியை எடுக்கும் அரை மணி முன்பு இன்னொரு தவணை. எடுக்கும் நேரத்தின் வலியை நிறையப் பேர் கணக்கில் சேர்ப்பதில்லை. எடுத்தபின் காஸ் எண்ணிக்கை, இரத்தப்போக்கு, முதல் சிறுநீர்.

இரண்டாம் தவணைக்கு முன் அவர் கேட்டது: "உள்ள கரண்ட் வெச்சுட்டுப் போய் பேரனைத் தூக்கலாமா?" தூக்கலாம். அந்தக் கதிரியக்கப் பொருள் இயந்திரத்துக்குள் திரும்பிவிடுகிறது, உடம்பில் எதுவும் தங்காது. இதை யாரும் கேட்காமலே சொல்லிவிட வேண்டும். பேரப்பிள்ளையைப் பல மாதம் தொடாமல் இருந்த பாட்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

மொத்தச் சிகிச்சை 54 நாளில் முடிந்தது.

வீட்டுக்குப் போன பிறகு

கதிர்வீச்சோடு சினைப்பைகள் ஓய்ந்துவிடும். மாதவிடாய் நின்று, உடம்பு திடீரென்று சூடேறுவதும் வியர்ப்பதும் தூக்கம் கெடுவதும் வரும் என்று முன்கூட்டியே சொன்னோம், நோய் திரும்பிவிட்டதாக அவர் நினைத்துவிடக் கூடாதே.

யோனி சுருங்கி ஒட்டிக்கொள்வது இன்னொரு விளைவு. நான்கு வாரத்துக்குப் பிறகு, புண் ஆறியதை மருத்துவர் உறுதிசெய்த பின், யோனி ஒட்டிக்கொள்ளாமல் விரித்துவைக்கும் டைலேட்டர் என்ற கருவியால் பயிற்சி: வாரம் மூன்று முறை, ஜெல்லி தடவி, ஐந்து முதல் பத்து நிமிடம். "இந்த வயசுல எனக்கெதுக்கு இதெல்லாம்" என்றார். தாம்பத்தியத்துக்காக மட்டும் அல்ல, உள்ளே ஒட்டிக்கொண்டால் பின்னால் பரிசோதனையே செய்ய முடியாது, நோய் திரும்பினால் தெரியாமல் போகும் என்று சொன்னபின் ஒப்புக்கொண்டார். கணவரிடம் ஆண் செவிலியர் ஒருவர் தனியாகப் பேசினார். இரண்டு வருட விலகலுக்குக் காரணம் நோய்தான் என்பதை அவர் அப்போதுதான் முழுதாகப் புரிந்துகொண்டதாகச் சொன்னார்.

மூன்றாம் மாதப் பரிசோதனையில் கட்டி தென்படவில்லை. வலது சிறுநீரக வீக்கம் வடிந்திருந்தது. எடை 48 கிலோ. முதல் இரண்டு வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வர வேண்டும். திரும்ப இரத்தம், ஒரு கால் மட்டும் வீங்குதல், விடாத இடுப்புவலி, மலத்திலோ சிறுநீரிலோ இரத்தம் என்றால் தேதிக்குக் காத்திராமல் வர வேண்டும்.

இதில் பார்க்க வேண்டியது

2022-க்கான உலகளாவிய மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஒரே ஆண்டில் 1,27,000-க்கு மேற்பட்ட பெண்களுக்கு இந்த நோய் புதிதாக வந்தது. 80,000-க்குச் சற்றுக் குறைவானவர்கள் இறந்தார்கள். இத்தனைக்கும் இது முன்கூட்டியே பிடித்துவிடக்கூடிய நோய். திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-இல் தொடங்கி நடந்த பெரிய ஆய்வில், 30 முதல் 59 வயதுப் பெண்களுக்குப் பயிற்சி பெற்ற செவிலியர்கள் வினிகர் போன்ற அசெட்டிக் அமிலத்தைக் கர்ப்பப்பை வாயில் தடவிக் கண்ணால் பார்க்கும் சோதனையை ஒரே ஒரு முறை செய்தார்கள். அதனாலேயே இந்த நோயால் இறப்பது 35 சதவீதம் குறைந்தது. 2007-இல் வெளியான முடிவு இது. நம் மாநிலத்தில், நம் செவிலியர்கள் கையால் நிரூபித்தது. அந்தச் சோதனை இன்று ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகவே இருக்கிறது. இவருடைய ஊருக்கும் முகாம் வந்திருக்கிறது. "அங்க ஒரு ஆம்பளை டாக்டரு நின்னாரு" என்று இவர் திரும்பிப் போயிருக்கிறார். முகாமில் தனி அறையும் பெண் செவிலியரும் இருப்பதைத் தண்டோரா போட்டாவது முன்பே சொல்ல வேண்டும். 9 முதல் 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி வேறு இருக்கிறது. வார்டுக்கு வரும் ஒவ்வொரு குடும்பத்திடமும் அதைச் சொல்கிறோம்.

எங்கள் பிரிவில் இந்த நிகழ்வுக்குப் பின் சில வழக்கங்கள் வந்தன. உறவுக்குப் பின் இரத்தம் என்ற கேள்வியைத் தனியிடத்தில் கேட்டுப் பதிவு செய்ய மதிப்பீட்டுத் தாளில் ஒரு வரி. வாடை எவ்வளவு என்று தினமும் குறிப்பு, வலியைக் குறிப்பது போலவே. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் வராத நோயாளிக்கு அன்றே போன், முடிந்தால் வீட்டுப் பெண் ஒருவரிடம்.

ஒரு வருடம் முடிந்தபோது அவருக்கு மலத்தில் லேசான இரத்தம் வந்தது. அவர் தேதிக்குக் காத்திராமல் வந்தார். பார்த்ததில் நோய் திரும்பவில்லை, மலக்குடலில் கதிர்வீச்சினால் வந்த புண். சுக்ரால்ஃபேட் எனிமாவை வீட்டில் எப்படி வைத்துக்கொள்வது என்று மருமகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். மூத்த மகளுக்கு இந்த வருடம் 30 வயது. இன்னும் சோதனைக்கு வரவில்லை. அடுத்த பரிசோதனைக்கு அம்மாவோடு அவரையும் வரச் சொல்லித் தேதி எழுதிக் கொடுத்திருக்கிறோம்.